இறையியல் தாராளவாதமும் சுயாதீன பாப்டிஸ்ட் சபைகளின் எழுச்சியும்

சுயாதீன பாப்டிஸ்ட் சபைகள் என்பவை, எந்தவொரு பேரவைக்கோ சபைச் சங்கத்திற்கோ கட்டுப்படாமல் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் பாப்டிஸ்ட் மரபுச் சபைகள் ஆகும். சீர்திருத்தக் கிறித்தவத்தின் ஒரு பிரிவான பாப்டிஸ்ட் மரபில் இறையியல் தாராளவாதம் பரவியதற்கு எதிர்வினையாக, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐக்கிய அமெரிக்காவில் இவை ஒரு தனி இயக்கமாக உருப்பெற்றன. வடக்கு பாப்டிஸ்ட் பேரவையில் 1920 முதல் நடைபெற்ற சர்ச்சைகள், 1932இல் சிகாகோவில் ஏற்பட்ட பிரிவு, டெக்சாசு மாநிலத்தில் ஜே. பிராங்க் நோரிசு தொடங்கிய இயக்கம், 1950இல் அவ்வியக்கம் உடைந்து தோன்றிய பாப்டிஸ்ட் வேதாகம ஐக்கியம் ஆகியவை இவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்கள் ஆகும்.

இச்சர்ச்சையில் இரு தரப்பினரும் ஒரே பாப்டிஸ்ட் கொள்கையையே தமக்கு ஆதாரமாகக் காட்டினர் என்பது குறிப்பிடத்தக்கது. எந்த மனித அமைப்பும் ஒரு சபையின் மீதோ ஒருவரின் மனச்சான்றின் மீதோ அதிகாரம் செலுத்த இயலாது என்பதே அக்கொள்கை. தாராளவாதிகள் பேரவைக்குள் நீடித்திருக்க அது கேடயமாயிற்று. அடிப்படைவாதிகள் பேரவையை விட்டு வெளியேற அதுவே வாசலாயிற்று.

சொற்கள் குறித்து

இக்கட்டுரையில் தாராளவாதம் என்பது பொருளாதாரக் கொள்கையையோ அரசியல் கொள்கையையோ குறிக்கவில்லை. கிறித்தவ விசுவாசத்தைக் காலத்தின் அறிவியலுக்கும் வரலாற்று ஆய்வுக்கும் இசைய மறுவிளக்கம் செய்யும் இறையியல் போக்கையே அது குறிக்கின்றது. அமெரிக்காவில் இப்போக்கினர் நவீனவாதிகள் என்றும் அழைக்கப்பட்டனர்.

அடிப்படைவாதி என்னும் சொல் இன்று தமிழ் நாளிதழ்களில் வன்முறையோடு தொடர்புபட்ட வசைச்சொல்லாகவே வழங்குகின்றது. ஆனால் இச்சொல்லை முதலில் ஆக்கியவர் ஒரு பாப்டிஸ்ட் இதழாசிரியர் ஆவார். வாட்ச்மன்-எக்சாமினர் என்னும் இதழின் ஆசிரியர் கர்ட்டிசு லீ லாசு, விசுவாசத்தின் அடிப்படைகளுக்காகப் போராட முன்வருவோரைக் குறிக்க 1920 சூலையில் இதனைப் பயன்படுத்தினார். அவர்கள் அதனைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டனர். இக்கட்டுரையும் அப்பொருளிலேயே இச்சொல்லைக் கையாள்கின்றது.

பாப்டிஸ்ட் சபை ஆட்சிமுறை

பாப்டிஸ்ட் மரபு 1609இல் ஆம்ஸ்டர்டாமில் தங்கியிருந்த ஆங்கிலேய அகதிகளான சான் சிமித், தாமசு எல்விசு ஆகியோரின் குழுவில் தொடங்கியது. எல்விசு 1612 அளவில் இலண்டனுக்குத் திரும்பி, இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையை நிறுவினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வழங்காமல், தாமே விசுவாச அறிக்கை செய்வோருக்கு மட்டும் வழங்குவது இம்மரபின் வெளிப்படையான அடையாளம் ஆகும். ஆனால் இக்கட்டுரைக்கு அதனினும் இன்றியமையாதது இம்மரபின் ஆட்சிமுறை.

பாப்டிஸ்ட் சபைகளில் ஆயர் இல்லை. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தானே தன் போதகரைத் தெரிவு செய்கின்றது. தானே அவரை நீக்குகின்றது. கட்டடமும் நிலமும் அச்சபைக்கே உரியவை. பல சபைகள் ஒன்றுகூடி மறைப்பணிக்கும் கல்விக்கும் சங்கங்களையும் பேரவைகளையும் அமைப்பதுண்டு. ஆயினும் அப்பேரவை சபைகளுக்கு மேலான தலைமை அன்று. அவற்றின் கூட்டுப்பணிக் குழு மட்டுமே.

பிரசுபிட்டேரியன் சபையோடு ஒப்பிட்டால் இதன் விளைவு தெளிவாகும். அச்சபையில் மூப்பர் மன்றம் தொடங்கிப் பொதுப்பேரவை வரை படிப்படியான நீதிமன்றங்கள் உண்டு. விவிலியத் திறனாய்வாளர் சார்லசு பிரிக்சை 1893இல் அப்பேரவை ஊழியத்திலிருந்து இடைநீக்கம் செய்தது. பிற்காலத்தில் அதே அமைப்பு, தாராளவாதத்தின் கடும் எதிரியான கிரெசம் மேச்சனையும் 1936இல் இடைநீக்கம் செய்தது. பாப்டிஸ்ட் பேரவையிலோ ஒருவரைக் கூண்டில் நிறுத்த மன்றமும் இல்லை, அளவுகோலாகக் கொள்ளக் கட்டாயமான விசுவாசப் பிரமாணமும் இல்லை. எனவே பாப்டிஸ்டுகளின் போராட்டம் வேறு களங்களில் நடந்தது. கல்லூரிகளில் யார் கற்பிப்பது, மறைப்பணியாளராக யாரை அனுப்புவது, காணிக்கைப் பணம் எங்கே செல்வது என்பனவே அக்களங்கள்.

இறையியல் தாராளவாதம்

இப்போக்கின் தந்தையாகச் செருமானிய இறையியலாளர் பிரீட்ரிக் சிலெயர்மாக்கர் (1768–1834) கருதப்படுகின்றார். சமயத்தின் சாரம் கோட்பாடுகளிலோ ஒழுக்க விதிகளிலோ இல்லை, இறைவனைச் சார்ந்திருக்கும் உணர்விலேயே உள்ளது என்பது அவர் கருத்து. கோட்பாடுகள் அவ்வுணர்வின் வெளிப்பாடுகள் எனில், காலத்திற்கேற்ப அவை மாறலாம் என்பது அதன் தொடர்ச்சி.

இரண்டாவது ஊற்று விவிலியத்தின் வரலாற்றுத் திறனாய்வு. மோசேயின் ஐந்து நூல்களும் ஒருவர் எழுதியவை அல்ல, வெவ்வேறு காலத்து மூலங்களின் தொகுப்பு என்னும் கருதுகோளை சூலியசு வெல்லாசன் 1870களில் முறைப்படுத்தினார். மூன்றாவது, 1859இல் வெளிவந்த சார்லசு டார்வினின் நூல் எழுப்பிய கேள்வி. இவை மூன்றும் சேர்ந்து கன்னிப் பிறப்பு, அற்புதங்கள், பாவப் பரிகாரப் பலி, உடலோடு உயிர்த்தெழுதல், இரண்டாம் வருகை ஆகிய கோட்பாடுகளை மறுபரிசீலனைக்கு உட்படுத்தின.

தாராளவாதிகள் கிறித்தவத்தை அழிக்க முனைந்தவர்கள் என்னும் குற்றச்சாட்டு எதிரணியின் நூல்களில் பரவலாகக் காணப்படுகின்றது. அது நடுநிலையான மதிப்பீடு அன்று. படித்த தலைமுறை சபையை விட்டு விலகிச் செல்வதைக் கண்டு, அவர்களைத் தக்கவைக்கவே தாம் முயல்வதாகத் தாராளவாதிகள் நம்பினர். அவர்களுள் வால்ட்டர் ரோசன்புச் என்னும் பாப்டிஸ்ட் போதகர் குறிப்பிடத்தக்கவர். இவர் 1886 முதல் 11 ஆண்டுகள் நியூயார்க் நகரின் வறிய தொழிலாளர் பகுதி ஒன்றில் செருமானியக் குடியேறிகளின் சபையை நடத்தினார். அங்குக் கண்ட வறுமையும் குழந்தைச் சாவுகளுமே அவரைச் சமூக நற்செய்தி என்னும் கருத்திற்கு இட்டுச் சென்றன. 1907இல் வெளிவந்த அவரது 'கிறித்தவமும் சமூக நெருக்கடியும்' என்னும் நூல் பெரும் தாக்கத்தை உண்டாக்கியது.

எதிரணியின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இயேசு உடலோடு உயிர்த்தெழவில்லை எனக் கருதும் ஒருவர், உயிர்த்தெழுந்தார் என்று நம்பிக் காணிக்கை இடும் ஏழைகளின் பணத்தில் ஊதியம் பெறுவது நேர்மையா என அவர்கள் வினவினர்.

இங்கிலாந்தில் ஒரு முன்னோட்டம்

அமெரிக்கச் சர்ச்சைக்கு ஒரு தலைமுறை முன்னரே இங்கிலாந்தில் இதே நாடகம் அரங்கேறியது. இலண்டன் மெட்ரோபொலிட்டன் டேபர்னக்கிளின் போதகர் சார்லசு ஆடன் ஸ்பர்ஜன், தம் 'வாளும் கொல்லறும்' என்னும் மாத இதழில் 1887 மார்ச்சு முதல் சில கட்டுரைகளை வெளியிட்டார். சபைகள் சரிவுப் பாதையில் இறங்குகின்றன என்பது அவற்றின் சாரம். இதனால் இது சரிவுச் சர்ச்சை எனப் பெயர் பெற்றது.

பாப்டிஸ்ட் ஒன்றியம் ஒரு தெளிவான விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும் என ஸ்பர்ஜன் விரும்பினார். அது நிறைவேறாததால் 1887 அக்டோபரில் ஒன்றியத்தை விட்டு விலகினார். 1888 சனவரியில் ஒன்றியத்தின் குழு அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் கூடிய ஒன்றியப் பேரவை ஒரு சமரச அறிக்கையை 2,000 வாக்குகளுக்கு எதிராக 7 வாக்குகள் என்னும் பெரும்பான்மையில் ஏற்றது. அத்தீர்மானத்தை வழிமொழிந்தவர் ஸ்பர்ஜனின் உடன்பிறந்த தம்பி சேம்சு என்பது இவ்வரலாற்றின் துயரமான செய்தி. ஸ்பர்ஜன் 1892 சனவரி 31 அன்று மறைந்தார். அவர் புதிய ஒன்றியம் எதனையும் தோற்றுவிக்கவில்லை. அவரது சபை 1955இல் ஒன்றியத்தில் மீண்டும் இணைந்து, 1971இல் மறுபடியும் விலகியது.

பிற்கால அமெரிக்கச் சுயாதீனர்கள் தமக்கு முன்னோடியாக ஸ்பர்ஜனையே காட்டுவர். ஆயினும் அவர் கால்வினியக் கொள்கையினர், சுருட்டுப் புகைப்பவர். இன்றைய சுயாதீன பாப்டிஸ்ட் சபைகள் பலவற்றில் அவர் உறுப்பினராகக்கூட ஏற்கப்பட மாட்டார்.

சிகாகோவும் வடக்கு பாப்டிஸ்ட் பேரவையும்

அமெரிக்க பாப்டிஸ்டுகள் அடிமை முறை குறித்த பிணக்கால் 1845இலேயே வடக்கு, தெற்கு எனப் பிரிந்துவிட்டனர். தெற்கில் தாராளவாதம் தொடக்கத்திலேயே தடுக்கப்பட்டது. தெற்கு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியின் எபிரேயப் பேராசிரியர் கிராபர்டு டாய் 1879இல் தம் விவிலியக் கருத்துகளுக்காகப் பதவி விலக நேர்ந்தது. எனவே தொடக்ககாலப் போர்க்களம் வடக்காகவே இருந்தது.

எண்ணெய் வணிகத்தில் பெரும் செல்வம் ஈட்டிய சான் டி. ராக்பெல்லர் ஒரு பாப்டிஸ்ட் ஆவார். அவரது கொடையால் 1890இல் சிகாகோ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஆர்ப்பர், மார்கன் பார்க்கில் இயங்கிவந்த பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியைப் பல்கலைக்கழகத்தின் இறையியல் புலமாக இணைத்தார். சில ஆண்டுகளில் அது அமெரிக்கத் தாராளவாதத்தின் தலைமையிடமாயிற்று. 1908 முதல் 1933 வரை அதன் புலத்தலைவராக விளங்கிய செய்லர் மேத்யூசு, 'நவீனவாதத்தின் விசுவாசம்' (1924) என்னும் நூலை எழுதினார். ஊர்ச் சபைகள் காணிக்கை திரட்டி வளர்த்த கல்லூரி, அச்சபைகளின் கைக்கு எட்டாத இடத்திற்குச் சென்றுவிட்டது. மரபாளர்கள் இதற்கு மாற்றாக 1913இல் சிகாகோவிலேயே வடக்கு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியைத் தொடங்கினர்.

இதற்கிடையே 1907இல் வடக்குச் சபைகளின் மறைப்பணிச் சங்கங்கள் ஒருங்கிணைந்து வடக்கு பாப்டிஸ்ட் பேரவையாக அமைந்தன. நிருவாகத் திறனுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் ஒரு தாராளவாதக் கல்லூரிக்குக் கொடுக்க விரும்பாத ஊர்ச் சபை, பொது நிதிக்குக் கொடுத்தாலே அதற்கும் கொடுத்ததாகிவிடும் நிலை இதனால் ஏற்பட்டது. 1919இல் பேரவை 10 கோடி டாலர் திரட்டும் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தபோது இப்பூசல் வெளிப்படையாக வெடித்தது.

மரபாளர் தரப்பிலும் எண்ணெய்ப் பணம் இருந்தது. கலிபோர்னியாவின் யூனியன் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த லைமன் ஸ்டூவர்ட்டும் அவர் உடன்பிறந்தவரும் கொடுத்த பணத்தில் 'அடிப்படைகள்' என்னும் கட்டுரைத் தொகுதி 1910 முதல் 1915 வரை 12 தொகுதிகளாக அச்சிடப்பட்டு இலவசமாக வழங்கப்பட்டது. அதன் முதல் பதிப்பாசிரியர் ஏ. சி. டிக்சன் ஒரு பாப்டிஸ்ட் போதகர். பின்னர் ஸ்பர்ஜனின் இலண்டன் சபைக்கே போதகராகச் சென்றார்.

1922 இண்டியானாபொலிசு வாக்கெடுப்பு

வடக்குப் பேரவையின் மரபாளர்கள் 1920இல் பப்பலோ நகரில் பேரவைக்கு முன்னதாகத் தனியே கூடித் தம் அணியை அமைத்தனர். அவர்களுள் மிகுந்த ஆற்றல் வாய்ந்தவர் மினியாபொலிசு முதல் பாப்டிஸ்ட் சபையின் போதகர் வில்லியம் பெல் ரைலி. இவர் 1919இல் உலகக் கிறித்தவ அடிப்படைகள் சங்கத்தைத் தோற்றுவித்தவர்.

1922 மே மாதம் நியூயார்க்கில் ஆரி எமர்சன் பாசுடிக், அடிப்படைவாதிகள் வெல்வார்களா என்னும் தலைப்பில் ஆற்றிய மறையுரை அச்சிடப்பட்டு நாடெங்கும் பரவியது. பிரசுபிட்டேரியன் சபை ஒன்றில் பேசிய அவர் உண்மையில் ஒரு பாப்டிஸ்ட் ஆவார். அடுத்த மாதம் இண்டியானாபொலிசில் கூடிய வடக்குப் பேரவையில், 1833ஆம் ஆண்டின் நியூ ஆம்சயர் விசுவாச அறிக்கையைச் சபைகள் ஏற்கப் பரிந்துரைக்க வேண்டும் என ரைலி முன்மொழிந்தார்.

நியூயார்க் போதகர் கார்னெலியசு வுல்ப்கின் மாற்றுத் தீர்மானம் ஒன்றைக் கொணர்ந்தார். விசுவாசத்திற்கும் நடைமுறைக்கும் புதிய ஏற்பாடே முற்றிலும் போதுமான அடிப்படை, வேறு அறிக்கை எதுவும் தேவையில்லை என்பது அதன் கருத்து. இதைவிடக் கூர்மையான உத்தியைக் காண்பது அரிது. விவிலியமே போதும் என்பதுதான் மரபாளர்களின் முழக்கம். அவர்கள் இத்தீர்மானத்திற்கு எதிராக வாக்களித்தால் புதிய ஏற்பாட்டிற்கே எதிராக வாக்களித்தவர் ஆவர். மாற்றுத் தீர்மானம் 1,264 வாக்குகளுக்கு எதிராக 637 என்னும் கணக்கில் வென்றது.

தாராளவாதிகள் சிறுபான்மையினரே எனினும், பிளவை விரும்பாத நடுநிலையாளர் பலர் அவர்களோடு வாக்களித்தனர். விசுவாசப் பிரமாணம் எதனையும் திணிக்கலாகாது என்னும் பாப்டிஸ்ட் உள்ளுணர்வு அவர்களிடம் ஆழமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அரசுத் திருச்சபையின் கட்டாயத்தால் சிறை சென்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு அது இயல்பே. ஆயினும் இவ்வாக்கெடுப்பிற்குப் பின், பேரவையை உள்ளிருந்தே திருத்த இயலும் என்னும் நம்பிக்கை மரபாளர்களிடம் தேயத் தொடங்கியது.

மறைப்பணிக் களத்தில் பிளவு

1925இல் சீட்டில் நகரப் பேரவையில் போராட்டம் மறைப்பணியாளர் பக்கம் திரும்பியது. அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்காத மறைப்பணியாளர்களைத் திரும்ப அழைக்க வேண்டும் என்னும் தீர்மானம் தோல்வியுற்றது. இரு தரப்பினரையும் அரவணைக்கும் கொள்கையே தொடர்ந்தது.

இதன் தொடர்ச்சியாக 1927இல் பிலிப்பைன்சு மறைப்பணியை ஒட்டிக் கீழை நாடுகளின் நற்செய்திக்கான பாப்டிஸ்டுகள் சங்கம் தோன்றியது. இலோயிலோ நகரில் பணியாற்றிய மருத்துவர் இரபேல் தாமசு, மருத்துவமனையைவிட நேரடி நற்செய்திப் பணிக்கு முதன்மை வேண்டும் எனக் கருதிப் பழைய சங்கத்தை விட்டு விலகினார். புதிய சங்கத்தின் முதல் தலைவராக விளங்கியவர் லூசி பீபாடி என்னும் பெண்மணி. தமிழ் வாசகர்கள் இப்பெயரைக் கவனிக்க வேண்டும். இவர் 1881இல் தம் முதற்கணவர் நார்மன் வாட்டர்பரியோடு மறைப்பணியாளராகச் சென்னைக்கு வந்து, 1886இல் கணவர் இறந்தபின் நாடு திரும்பியவர். பின்னாளில் ஆசியாவின் மகளிர் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்களிடம் பெருநிதி திரட்டியவர்களுள் இவரே முதன்மையானவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் வேலூர் மருத்துவப் பள்ளியும் அந்நிதியால் பயன் பெற்றன. தாராளவாதத்தை எதிர்த்தோர் யாவரும் கல்விக்கும் சமூகப் பணிக்கும் பகைவர் என்னும் பொதுவான எண்ணம் இவரிடத்தில் பொருந்தாது.

பாப்டிஸ்ட் வேதாகம ஒன்றியம்

கடுமையான போக்குடையோர் 1923இல் பாப்டிஸ்ட் வேதாகம ஒன்றியத்தை அமைத்தனர். மினியாபொலிசின் ரைலி, போர்ட் வொர்த்தின் நோரிசு, கனடாவின் தொரண்டோ நகரிலிருந்து டி. டி. சீல்ட்சு ஆகிய மூவரும் இதன் தூண்கள். சீல்ட்சு தம் நாட்டில் மெக்மாசுட்டர் பல்கலைக்கழகத்தின் இறையியலுக்கு எதிராகப் போராடி, 1927இல் தம் ஆதரவாளர்களோடு தனிச் சங்கம் கண்டவர்.

இவ்வொன்றியம் 1927இல் அயோவா மாநிலத்தின் டெ மொயின் பல்கலைக்கழகத்தைப் பொறுப்பேற்றது. பேராசிரியர் யாவரும் ஒன்றியத்தின் விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும் என வற்புறுத்தப்பட்டது. ஆளுகைக் குழுவிற்கும் ஆசிரியர்களுக்கும் இடையே பூசல் முற்றி, 1929 மே மாதம் மாணவர்கள் கலகம் செய்து நிருவாகிகள் மீது முட்டைகளையும் கற்களையும் வீசினர், காவல்துறை வரவேண்டியதாயிற்று. அவ்வாண்டிலேயே பல்கலைக்கழகம் மூடப்பட்டது. தாராளவாதிகளிடமிருந்து ஒரு கல்வி நிறுவனத்தை மீட்பது எளிது, அதனை நடத்துவது கடினம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

நொடிந்துபோன ஒன்றியத்தின் எச்சமாக 1932 மே மாதம் சிகாகோவின் பெல்டன் அவென்யூ பாப்டிஸ்ட் சபையில் முறைசார் பாப்டிஸ்ட் சபைகளின் பொதுச் சங்கம் உருவாயிற்று. டெ மொயினில் பட்ட பாடு இதன் அமைப்பில் தெரிகின்றது. இச்சங்கம் தனக்கென்று கல்லூரியோ மறைப்பணி நிறுவனமோ வைத்துக்கொள்ளவில்லை. தனித்தியங்கும் நிறுவனங்களை ஆண்டுதோறும் ஆராய்ந்து, ஏற்புடையவை எனச் சபைகளுக்குப் பரிந்துரைப்பதோடு நின்றது. சபைகள் தாம் விரும்பிய நிறுவனத்திற்கு நேரடியாகப் பணம் அனுப்பின. இதன் கொள்கைகளை வடித்ததில் இராபர்ட் கெட்சம் என்பவரின் பங்கு பெரிது. வெளியேறுவோர் வேறு பேரவைகளில் உறுப்பினராக இருத்தல் கூடாது என்பது இச்சங்கத்தின் விதி. ரைலி உள்ளிட்ட பலர் இவ்விதியை ஏற்காமல் மேலும் பல ஆண்டுகள் பழைய பேரவையிலேயே இருந்தனர். அவ்வாறு இருந்தவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் 1943இல் தனி மறைப்பணிச் சங்கமும் 1947இல் மரபுவாத பாப்டிஸ்ட் சங்கமும் கண்டு பிரிந்தனர்.

ஜே. பிராங்க் நோரிசு

வடக்கில் சுயாதீனம் ஒரு கொள்கையாகப் பிறந்தது எனில், தெற்கில் அது பெரும்பாலும் ஒரு மனிதரின் இயல்பிலிருந்து பிறந்தது. 1877இல் அலபாமாவில் பிறந்த நோரிசு, 1909இல் டெக்சாசின் போர்ட் வொர்த் முதல் பாப்டிஸ்ட் சபையின் போதகரானார். மதுக்கடைகளையும் சூதாட்ட விடுதிகளையும் பெயர் சொல்லித் தாக்கிப் பேசுவது அவர் வழக்கம். பெய்லர் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பரிணாமக் கொள்கை கற்பிக்கப்படுவதாக 1920களில் அவர் தம் செய்தித்தாளில் இடைவிடாது எழுதினார். தெற்கு பாப்டிஸ்டுகளின் 7.5 கோடி டாலர் நிதித் திட்டத்திற்குத் தம் சபை பணம் தராது என்றும் அறிவித்தார். 1924இல் டெக்சாசு பாப்டிஸ்ட் பொதுப் பேரவை அவரை விலக்கியது.

1926 சூலை 17 அன்று டி. இ. சிப்சு என்னும் மர வணிகர், நகர மேயரை நோரிசு தாக்கி எழுதியதைத் தட்டிக்கேட்கச் சபை அலுவலகத்திற்கு வந்தார். நோரிசு அவரைச் சுட்டுக் கொன்றார். சிப்சிடம் ஆயுதம் இல்லை. தற்காப்பிற்காகவே சுட்டதாக வாதிட்ட நோரிசை ஆசுட்டின் நகரில் நடந்த வழக்கில் 1927 சனவரியில் நடுவர் குழு விடுவித்தது. அவரது சபை அவரைக் கைவிடவில்லை. ஆயரோ மேலவையோ உள்ள ஒரு திருச்சபையில் இவ்வழக்கிற்குப் பின் ஒரு குருவானவர் அதே பீடத்தில் நிற்பது எளிதாக இருந்திருக்காது.

1935இல் மிச்சிகனின் டிட்ராயிட் நகரிலுள்ள டெம்பிள் பாப்டிஸ்ட் சபையையும் நோரிசு ஏற்று, 1,600 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரு சபைகளுக்கும் பல ஆண்டுகள் ஒருசேரப் போதகராக இருந்தார். வாகனத் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தெற்கிலிருந்து டிட்ராயிட்டிற்குக் குடிபெயர்ந்த வெள்ளையினத் தொழிலாளர்களே அச்சபையின் பெரும்பகுதியினர். ஒகையோ மாநிலத்தின் ரப்பர் நகரமான ஆக்ரனிலும் இவ்வாறே பெருஞ்சபை ஒன்று எழுந்தது. ஊரையும் உறவையும் விட்டு வந்தோருக்கு ஊர்ப் பாட்டும் ஊர்ப் பேச்சும் உள்ள சபை தாய்வீடாக அமைந்தது. இவ்வியக்கத்தின் வளர்ச்சியை இறையியலால் மட்டும் விளக்கிவிட முடியாது.

1950க்குப் பின்

நோரிசின் டிட்ராயிட் சபையை நடைமுறையில் நடத்தியவர் பூசாம்ப் விக். போர்ட் வொர்த்தில் நோரிசு தொடங்கிய இறையியல் பள்ளிக்கும் அவரே தலைவரானார். தம் சொற்படி பள்ளி நடக்க வேண்டும் என நோரிசு தலையிட்டதால் 1950 மே மாதம் பிளவு ஏற்பட்டது. விக்கைச் சார்ந்த போதகர்கள் பாப்டிஸ்ட் வேதாகம ஐக்கியத்தை அமைத்து, மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டில் அவ்வாண்டிலேயே ஒரு கல்லூரியைத் தொடங்கினர். நோரிசு 1952இல் காலமானார். சிகாகோப் பிளவு கோட்பாட்டால் நேர்ந்தது. போர்ட் வொர்த் பிளவில் கோட்பாட்டு வேறுபாடு ஏதும் இல்லை. ஒரே நம்பிக்கையுடைய இருவருக்கிடையே நேர்ந்த அதிகாரப் போட்டி அது.

அடுத்த 30 ஆண்டுகள் இச்சபைகளின் பொற்காலம் எனலாம். ஞாயிறு பள்ளியும் வீடுவீடாகச் சென்று சந்தித்தலும் பேருந்து ஊழியமும் அவற்றின் கருவிகள். இண்டியானா மாநிலத்தின் அம்மண்டு முதல் பாப்டிஸ்ட் சபையில் 1959 முதல் 2001 வரை போதகராயிருந்த சாக் அயில்சு, சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து பேருந்துகளில் ஆயிரக்கணக்கான சிறுவர்களை ஞாயிறுதோறும் அழைத்துவந்தார். சான் ஆர். ரைசு 1934இல் தொடங்கிய 'ஆண்டவரின் வாள்' என்னும் இதழ், சிதறிக் கிடந்த சபைகளை ஒரே மொழி பேச வைத்தது. பேரவை இல்லாத இயக்கத்திற்கு இதழ்களும் கல்லூரிகளும் மாநாட்டுப் பேச்சாளர்களுமே பேரவையாக விளங்கினர்.

ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் பயின்ற செர்ரி பால்வெல் 1956இல் வர்ஜீனியாவின் லிஞ்சுபர்க்கில் ஒரு சபையைத் தொடங்கினார். 1971இல் அவர் நிறுவிய கல்லூரியே இன்றைய லிபர்ட்டி பல்கலைக்கழகம். போதகர்கள் அரசியலில் ஈடுபடலாகாது என 1965இல் குடியுரிமை இயக்கத்தைச் சாடி மறையுரை ஆற்றிய அவரே, 1979இல் ஒழுக்கப் பெரும்பான்மை என்னும் அரசியல் அமைப்பைத் தோற்றுவித்தார்.

பிரிந்திருத்தலும் வேதாகமப் பதிப்பும்

தாராளவாதியோடு உறவு கூடாது என்பது முதல்நிலைப் பிரிவு. தாராளவாதியோடு உறவாடும் மரபாளரோடும் உறவு கூடாது என்பது இரண்டாம் நிலைப் பிரிவு. 1957இல் நியூயார்க்கில் பில்லி கிரகாம் நடத்திய பெருங்கூட்டத்திற்குத் தாராளவாதச் சபைகளும் ஒத்துழைத்ததால் ரைசு போன்றோர் கிரகாமை விட்டு விலகினர். பிற்காலத்தில் உடை, இசை, திரைப்படம் என விலக்கின் பட்டியல் நீண்டது.

1952இல் திருந்திய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று ஏசாயா 7:14இல் கன்னிகை என்பதற்கு மாற்றாக இளம்பெண் என மொழிபெயர்த்தது பெருஞ்சினத்தைக் கிளப்பியது. அச்சினத்தின் தொடர்ச்சியாக, 1611ஆம் ஆண்டின் கிங் சேம்சு பதிப்பு மட்டுமே இறைவாக்கு என்னும் கொள்கை இச்சபைகளில் ஒரு பகுதியினரிடம் வேரூன்றியது. இக்கொள்கை எல்லாச் சுயாதீன பாப்டிஸ்டுகளுக்கும் பொதுவானதன்று. 1932ஆம் ஆண்டுச் சங்கத்தினரில் பெரும்பாலோர் இதனை ஏற்பதில்லை. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் 1871ஆம் ஆண்டின் பவர் ஐயர் திருப்புதலின் மீதுள்ள பற்றை இதனோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அப்பற்று பெரும்பாலும் பழகிய நடையின் மீதான அன்பு, கோட்பாடு அன்று.

சொத்தும் பொறுப்புடைமையும்

ஒரு சபை பெரும்பான்மை வாக்கால் பேரவையை விட்டு விலகினால் கட்டடம் யாருக்கு என்னும் கேள்வி நீதிமன்றங்களுக்குச் சென்றது. வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் நகரில் 1953இல் ஒரு சபையின் பெரும்பான்மையினர் தெற்கு பாப்டிஸ்ட் பேரவையை விட்டு விலகினர். மாநில உச்ச நீதிமன்றம் 1954இல் கட்டடத்தைப் பேரவையோடு நிற்க விரும்பிய சிறுபான்மையினருக்கே உரியதாக்கியது. மரபான நெறியிலிருந்து சொத்தைத் திருப்பிவிடும் உரிமை பெரும்பான்மைக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். தன்னாட்சி என்னும் கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இத்தீர்ப்பு காட்டியது.

இச்சபைகளின் மீதான விமரிசனங்களுள் இன வேற்றுமை ஒன்று. 1960களில் இவை தெற்கில் தொடங்கிய கிறித்தவப் பள்ளிகள் பல, அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் சேர்க்கப்பட்ட காலத்தில் வெள்ளையினக் குழந்தைகளுக்காக எழுந்தவை.

இன்னும் கடுமையான குற்றச்சாட்டு பொறுப்புடைமை பற்றியது. போர்ட் வொர்த் ஸ்டார்-டெலிகிராம் நாளிதழ் 2018 திசம்பரில் வெளியிட்ட புலனாய்வில், 40 மாநிலங்களிலும் கனடாவிலும் உள்ள 187 சுயாதீன அடிப்படைவாத பாப்டிஸ்ட் சபைகளையும் அவற்றைச் சார்ந்த நிறுவனங்களையும் குறித்துக் குறைந்தது 412 பாலியல் முறைகேட்டுப் புகார்கள் தொகுக்கப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்டோர் சிலர் ஒரு சபையிலிருந்து மற்றொன்றிற்கு அமைதியாக இடம் மாறியிருந்தனர். பொதுப் பதிவேடோ மேல் விசாரணை மன்றமோ இல்லாத நிலையில் அது எளிதாக இருந்தது. பேரவை அதிகாரிகளின் தலையீட்டிலிருந்து சபையைக் காக்க எழுப்பப்பட்ட அதே சுவர், பாதிக்கப்பட்டோர் முறையிடும் வழியையும் அடைத்தது. ஆயர்களும் பேரவைகளும் உள்ள திருச்சபைகளிலும் இத்தகைய மறைப்புகள் நிகழ்ந்துள்ளன. ஆயினும் அங்கு மறைத்தவரைக் கேள்வி கேட்க ஓர் அலுவலகமாவது உண்டு.

பழைய பேரவைகளின் பிற்கால நிலை

வடக்குப் பேரவை 1950இல் அமெரிக்க பாப்டிஸ்ட் பேரவை எனவும் 1972இல் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகள் எனவும் பெயர் மாறியது. தெற்குப் பேரவையில் வரலாறு வேறு விதமாக அமைந்தது. ஆதியாகமம் குறித்த நூலுக்காகப் பேராசிரியர் இரால்ப் எலியட் 1962இல் நீக்கப்பட்டார். 1979இல் ஊசுட்டனில் ஏட்ரியன் இராசர்சு பேரவைத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டது முதல், மரபாளர்கள் ஆண்டுதோறும் தலைவர் பதவியை வென்று, அப்பதவியின் நியமன அதிகாரத்தால் கல்லூரிகளின் ஆளுகைக் குழுக்களைப் படிப்படியாகக் கைப்பற்றினர். 1991இல் மிதவாதிகளே வெளியேறித் தனி ஐக்கியம் கண்டனர். வெளியேறுவதே ஒரே வழி என்று 60 ஆண்டுகளாகக் கூறிவந்த சுயாதீனர்களுக்கு இது எதிர்பாராத விளைவு. பால்வெல் தம் சபையை 1996இல் தெற்குப் பேரவையோடு இணைத்தார்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பாப்டிஸ்டுகள் எப்போதும் சிறுபான்மையினர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் அவர்கள் இணையவில்லை. இங்குச் சபைத் தன்னாட்சியை வலியுறுத்திய பழைய மறைப்பணி, 1861இல் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிசன் ஆகும். இது அமெரிக்கச் சுயாதீன இயக்கத்தின் கிளை அன்று. அதனினும் பழைய கால்வினிய மரபைச் சார்ந்தது. கொல்லிமலையில் பணியாற்றி 1929இல் அங்கேயே காய்ச்சலால் இறந்த செசி பிராண்டும் அவர் மனைவி எவலினும் இம்மிசனைச் சேர்ந்தவர்கள். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்டு, 1914இல் கொல்லிமலையில் பிறந்த இவர்களின் மகன் ஆவார்.